1/35இல் 9.2 அங்குல ஹவிட்சர், பக்கத்தில் 60 செ.மீ. ரயில்: எந்த இன்ஜின், எந்தத் தண்டவாளம்?

#1 தகரடப்பா (கோவை)

வணக்கம். மூன்று வருடமாக இந்த மாடல் மன்றத்தில் படிப்பதோடு சரி. இதுதான் என் முதல் இழை.

முதல் உலகப் போர், மேற்கு முனை, பிரிட்டிஷ் பக்கம். 1/35 அளவில் (நிஜத்தில் 35இல் ஒரு பங்கு) ஒரு டயோரமா, அதாவது காட்சி மாடல், செய்கிறேன். பலகை 60க்கு 40 செ.மீ. நடுவில் 9.2 அங்குல முற்றுகை ஹவிட்சர் (குண்டை உயர வளைவாக வீசும் கனரகப் பீரங்கி). அதற்கு ஒட்டினாற்போல் குண்டு கொண்டுவரும் 60 செ.மீ. கேஜ் (இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம்) ராணுவ ரயில். அதில் பால்ட்வின் கம்பெனியின் 4-6-0 டேங்க் இன்ஜின் (முன்னால் 4 வழிகாட்டிச் சக்கரம், நடுவில் 6 இயக்கும் சக்கரம், பின்னால் 0; தண்ணீர்த் தொட்டி தன்மேலேயே) புகை கக்கிக்கொண்டு நிற்க வேண்டும். களம் பிரான்ஸின் சோம், 1916 ஜூலை.

ஹவிட்சருக்குக் கிட் வாங்கவில்லை. வரைபடத்தை வைத்துப் பிளாஸ்டிக் தாளில் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். குழாயும் அடிச்சட்டமும் முடிந்துவிட்டன. ரயில் சமாச்சாரம்தான் சுத்தமாகத் தெரியாது. கடையில் கிடைக்கும் எச்.ஓ. (1/87 அளவு மாடல் ரயில்) தண்டவாளத்தையே போட்டுவிடலாமா? பால்ட்வினுக்கு எங்கே போவது?

#2 மூன்றாம்பிளாட்பாரம் (சென்னை)

வாங்க தம்பி. முதல் இழையே கனமான இழை.

தண்டவாளக் கணக்கு உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. 600ஐ 35ஆல் வகுத்தால் 17.14 மி.மீ. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ. இதை 35ஆல் பெருக்கினால் 577 மி.மீ. வருகிறது, அதாவது 23 மி.மீ. குறைவு. நூற்றுக்கு நான்குகூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ராணுவ மாடல்காரர்களின் 1/35 அளவும் ரயில்காரர்களின் எச்.ஓ. கேஜும் இப்படிப் பொருந்தியது தற்செயல்தான், ஆனால் நமக்கு அதிர்ஷ்டம். 1/32 எடுத்திருந்தால் அதே தண்டவாளம் 528 மி.மீ. ஆகிவிடும். அது உறுத்தும்.

ஆனால் கடையில் வாங்கியதை அப்படியே போட்டால் மானம் போய்விடும். அதன் சிலீப்பர்கள் பெரிய ரயிலின் மரக்கட்டைகளை 1/87 அளவில் குறுக்கியவை. உங்கள் பலகையில் தீக்குச்சி அடுக்கியதுபோல் இருக்கும். கம்பியை மட்டும் உருவிக்கொண்டு சிலீப்பர்களைத் தூக்கிப் போடுங்கள்.

கம்பியின் உயரத்தையும் பாருங்கள். அந்த ரயிலில் பொதுவாகப் போட்டது கெஜத்துக்கு 20 பவுண்டு எடையுள்ள கம்பி, உயரம் இரண்டரை அங்குலம் அளவில். 1/35இல் 1.8 மி.மீ. ‘கோட் 70’ என்று விற்பது சரியாக அந்த உயரம். சாதாரணமாகக் கிடைக்கும் கோட் 100 இரண்டரை மி.மீ., நிஜத்தில் ஒன்பது செ.மீ. ஆகிவிடும். குண்டு வண்டிக்குப் பதில் கூட்ஸ் வண்டியே அதில் ஓடலாம்.

#3 நெடுங்குழல் (லண்டன்)

தண்டவாளக் கணக்கு அருமை. ஆனால் அதற்கு முன் ஒரு கெட்ட செய்தி. தம்பி, 1916 ஜூலையில் உங்களுடைய பால்ட்வின் பிறக்கவே இல்லை.

சோம் தொடங்கும்போது பிரிட்டிஷ் ராணுவம் லாரியையும் குதிரையையும்தான் நம்பியிருந்தது. 60 செ.மீ. ரயிலில் ஊறியவர்கள் பிரெஞ்சுக்காரர்களும் ஜெர்மானியர்களும். பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டன் பெஷோ உருவாக்கிய முறை 1888இலேயே ஏற்கப்பட்டுவிட்டது. ஜெர்மானியரின் எட்டுச் சக்கர ‘பிரிகேட்லோக்’ இன்ஜின் மட்டும் 2,500க்கு மேல் கட்டப்பட்டது. பிரிட்டிஷார் ஜூலை 1க்கு முந்தைய ஒரே வாரத்தில் 15 லட்சம் குண்டுகள் சுட்டார்கள். அவ்வளவையும் சுமந்த சாலைகள் மழையில் கூழாகிவிட்டன. அதற்கப்புறம்தான் எரிக் கெட்டிஸ் என்ற ரயில்வே நிர்வாகியைக் கூப்பிட்டுப் போக்குவரத்து முழுவதையும் அவர் கையில் கொடுத்தார்கள். சிறு ரயிலுக்கு மொத்தமாக ஆர்டர் போனது அந்த ஏற்பாட்டில்தான். பால்ட்வின் 495 இன்ஜின்களை 1916 கடைசியிலிருந்து 1917க்குள் கட்டி அனுப்பினார்கள்.

ஆகவே ஒன்று இன்ஜினை விடுங்கள், அல்லது சோமை விடுங்கள். 1917க்கு வந்துவிட்டால் மெசின், பாஷண்டேல் என்று பெல்ஜியத்தில் நடந்த போர்களில் எது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஹவிட்சரில் ஒரு திருகாணியைக்கூட மாற்ற வேண்டாம்.

#4 தகரடப்பா

அடடா. பெயர்ப் பலகையில் ‘சோம் 1916’ என்று பித்தளையில் வெட்டி வாங்கி வைத்துவிட்டேன்.

சரி, 1917, பாஷண்டேல். பால்ட்வின் உண்டுதானே?

#5 நெடுங்குழல்

உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

நீராவி இன்ஜின் பகலில் வெள்ளைப் புகையைக் கக்கும், இரவில் நெருப்புப் பெட்டியின் சிவப்பு தெரியும். பலூனிலிருந்து வேவு பார்க்கும் எதிரிக்கு இரண்டுமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. அதனால் பெரிய ரயிலிலிருந்து சரக்கை மாற்றும் யார்டில் தொடங்கிக் கொஞ்ச தூரம் வரைக்கும்தான் நீராவி. பீரங்கிகள் பக்கம் போவது பெட்ரோல் டிராக்டர். மோட்டார் ரெயில் கம்பெனியின் சிம்ப்ளெக்ஸ், 20 குதிரைத் திறனில் ஒன்று, 40இல் ஒன்று. 40இல் மூன்று உடுப்பு: திறந்தது, பாதி மூடியது, முழுக் கவசம் போட்டது. இன்னும் முன்னால் போனால் கோவேறு கழுதை, அதற்கும் முன்னால் மனிதத் தோள்.

பால்ட்வினுக்கு இன்னொரு குறையும் உண்டு. பக்கவாட்டுத் தண்ணீர்த் தொட்டிகளால் தலை கனம். முன்னால் வழிகாட்டும் போகி (சிறு சக்கரங்கள் கொண்ட சுழலும் சட்டம்) இருக்கிறது, பின்னால் ஒன்றுமில்லை. முன்னே போகும்போது அடக்கமாகப் போகும், ரிவர்ஸில் தடம் புரளும். சேற்றில் மிதக்கிற பாதையில் 14 டன்னுக்கு மேல் கனக்கும் இன்ஜின். அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி கட்டிக்கொடுத்த நூறு இன்ஜின்களில் (2-6-2) இரண்டு பக்கமும் வழிகாட்டிச் சக்கரம் இருந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

#6 பொடிரயில் (சிங்கப்பூர்)

இவ்வளவு சிரமம் எதற்கு? பாக்மன் கம்பெனி 1/76இல் அதே பால்ட்வினை ஓடும் மாடலாகவே போட்டிருக்கிறது. ஓ.ஓ.9, 9 மி.மீ. தண்டவாளம். பெட்டியைத் திறந்து வைத்தால் ஓடுகிறது. என் வீட்டு மேஜையில் யார்டு, சைடிங் (பக்கக் கிளைப் பாதை), குண்டுக் கிடங்கு எல்லாம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிட்டன. 1/35இல் யார்டு கட்டினால் படுக்கையறையைக் காலி செய்ய வேண்டும். ஓடாத ரயில் என்ன ரயில் என்பது என் கட்சி.

#7 மூன்றாம்பிளாட்பாரம்

இன்ஜின் அழகுதான், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் 9ஐ 76ஆல் பெருக்கிப் பாருங்கள், 684 மி.மீ. பதினான்கு சதவீதம் அகலம். சரியான கேஜ் வேண்டுமென்றால் 7.9 மி.மீ. தண்டவாளம் போட வேண்டும், அதை நாமே பிடித்து நாமே அடிக்க வேண்டும். ஓடுகிற ரயிலுக்கு அது பரவாயில்லை, தூரத்திலிருந்து பார்ப்போம். தம்பி செய்வது முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கிற பொருள்.

அதோடு 1/76இல் அந்த ஹவிட்சரின் குழாய் நாலரை செ.மீ.தான் வரும். கனரகப் பீரங்கியின் கனமே போய்விடும். 1/35இல் அந்தத் தடியைப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும்.

#8 பொடிரயில்

வயிறு கலங்குவதற்காகவா மாடல் செய்கிறோம். 😀

#9 சேறும்சகதியும் (திருச்சி)

ஆமாம், கொஞ்சம் அதற்காகத்தான்.

நான் தரைவேலைக்காரன், பீரங்கியும் தெரியாது ரயிலும் தெரியாது. ஒன்று கேட்கிறேன். ஹவிட்சர் சுட்டால் பின்னுக்கு உதைக்குமே, அதை எதில் ஊன்றியிருக்கிறார்கள்? சேற்றை எங்கே தொடங்குவது என்று அதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். டயோரமா போடுகிறவர்கள் பீரங்கியை மண்மேல் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள், கொலு பொம்மை மாதிரி.

#10 நெடுங்குழல்

கேட்க வேண்டிய கேள்வி. 9.2 சக்கரத்தில் நின்று சுடுகிற பீரங்கி இல்லை. குழாய், அடிச்சட்டம், தரைப்படுக்கை என்று மூன்று பாரமாகப் பிரித்து இழுத்து வருவார்கள். தரையைத் தோண்டி, சமன்படுத்தி, படுக்கையைப் பதித்து, அதன் மேல் மற்றதை ஏற்ற வேண்டும். படுக்கையின் முன்பக்கம் ஒரு பெரிய இரும்புப் பெட்டி இருக்கும். சுடும்போது முன்பக்கம் எழும்பாமல் இருக்க அதில் 9 டன் மண்ணை அள்ளிப்போட வேண்டும். அடுத்து வந்த மார்க் 2 வகைக்கு அதைவிடக் கூடுதல்.

அந்தப் பெட்டியை வெறுமையாய் வைக்காதீர்கள். கண்காட்சிகளில் நான் பார்த்த 9.2 மாடல்களில் பாதி காலிப் பெட்டியோடு நிற்கிறது. அப்படி ஒரு குண்டு சுட்டால் முழுப் பீரங்கியும் மல்லாந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. இங்கே ஹைட் பார்க் கார்னரில் பீரங்கிப் படை நினைவுச்சின்னம் இருக்கிறது, 1925இல் திறந்தது, ஜாகர் என்ற சிற்பி செய்தது. அதன் மேல் இருப்பது கல்லில் செதுக்கிய 9.2 ஹவிட்சர்தான். நான் புதிதாய் வந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை நூறு படம் எடுத்து, பக்கத்தில் நின்ற ஆளின் உயரத்தை வைத்து அளவெல்லாம் கணக்கிட்டு, ஒரு குழாயும் கடைந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தச் சிலை நிஜத்தைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிது. அந்தக் குழாய் இப்போது பேனா ஸ்டாண்டாய் இருக்கிறது. நிஜமானது வேண்டுமென்றால் இம்பீரியல் வார் மியூசியத்தில் ‘மதர்’ நிற்கிறாள், அந்த இனத்தின் முதல் பீரங்கி. அவளைப் பார்த்துச் செய்யுங்கள்.

#11 தகரடப்பா

பெட்டியைக் காலியாகத்தான் வைத்திருந்தேன். 😬 இன்றைக்கே நிரப்புகிறேன்.

ஆக, பால்ட்வின் வேண்டாம், சிம்ப்ளெக்ஸ்தான் என்கிறீர்கள். உண்மையைச் சொன்னால் மனசு கேட்கவில்லை. பால்ட்வினுக்காகத்தான் இந்த வேலையையே தொடங்கினேன். தாத்தா ஒரு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். ஆலைக்குள் ஓடும் குட்டி ரயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

#12 மூன்றாம்பிளாட்பாரம்

அப்படியானால் இதைக் கேளுங்கள். போர் முடிந்ததும் அந்த இன்ஜின்களை விற்றுவிட்டார்கள். சில இந்தியாவுக்கு வந்தன. 778ஆம் நம்பர் பால்ட்வின் உத்தரப்பிரதேசத்தில் ஒரு சர்க்கரை ஆலையில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய், பழுதுபார்க்கப்பட்டு, லெய்டன் பஸார்ட் பாதையில் ஓடியது. குண்டு இழுக்கச் செய்த வண்டி, கரும்பு இழுத்தே உயிர் பிழைத்தது.

இன்னொரு சங்கதி, இழைக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கால்கா–சிம்லா பாதையை முதலில் இரண்டடி கேஜில்தான் தொடங்கினார்கள். ராணுவம் இரண்டரை அடிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததால் 1901இல் மாற்றினார்கள். நாம் ‘பொம்மை ரயில்’ என்று டிக்கெட் வாங்கி ஏறுகிற ரயிலின் கேஜை முடிவு செய்தவர்கள் ராணுவத்தார்.

#13 நெடுங்குழல்

லெய்டன் பஸார்டில் 778ஐ நான் பார்த்திருக்கிறேன், வடிவான வண்டி. அந்தப் பாதையே 1919இல் மணல் எடுக்கப் போட்டது. ராணுவம் விற்ற சிம்ப்ளெக்ஸ்கள் அங்கேயும் வேலை செய்தன. சிம்ப்ளெக்ஸைக் கேவலமாக நினைக்காதீர்கள், தம்பி. டிரைவர் பக்கவாட்டில் உட்கார்ந்து ஓட்டுவார், ஏனென்றால் அந்த வண்டிக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. கியர் பெட்டி இரண்டு திசைக்கும் ஒரே வேகங்களைக் கொடுக்கும். பீரங்கி சைடிங்கில் போய்த் திருப்ப இடமில்லாமல் நின்றுவிட்டால் அப்படியே வந்த வழி திரும்பலாம். அந்த மனிதன் கழுத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே இரவு முழுக்க ஓட்டியதை உருவத்தில் காட்டினால், புகை கக்கும் இன்ஜினைவிட அது பேசும்.

#14 தகரடப்பா

கழுத்தைத் திருப்பிய டிரைவர்! சரி, விழுந்துவிட்டேன். சிம்ப்ளெக்ஸ் 40, திறந்த வகை.

அடுத்தது குண்டு. ஒரு வண்டியில் எத்தனை ஏற்றலாம்?

#15 நெடுங்குழல்

9.2 குண்டு ஒன்று 290 பவுண்டு, நம் கணக்கில் 131 கிலோ. ‘டி’ வகைப் போகி வண்டி சுமார் 10 டன் தாங்கும். வகுத்தால் எழுபத்தைந்துக்குப் பக்கம் வரும். நீங்கள் பாதி இறக்கிய நிலையில் வையுங்கள். முப்பது வண்டியில், பத்துப் பதினைந்து தரையில் பலகை போட்டு அடுக்கியது, ஒன்று மட்டும் தள்ளுவண்டியில்.

வண்டியில் வரும் குண்டுக்கு ஃபியூஸ் (குண்டை வெடிக்கவைக்கும் கருவி) இருக்காது, மூக்கில் அடைப்புதான். ஃபியூஸ் தனிப் பெட்டியில் வரும், பீரங்கிக்குப் பக்கத்தில் வைத்துத் திருகுவார்கள். வெடிமருந்துப் பைகளும் தனியாக, நனையாமல் மூடி. குண்டின் இடுப்பில் செம்புப் பட்டை இருக்கும். அதில் அடிபட்டால் குழாய்க்குள் சரியாக உட்காராது என்பதால் கயிற்று வளையம் மாட்டி அனுப்புவார்கள். தையல் நூலை முறுக்கி அந்த வளையத்தைப் போட்டுப் பாருங்கள், மாடலே வேறு மாதிரி ஆகிவிடும்.

#16 சேறும்சகதியும்

குண்டுக்கு ஒரு யோசனை. 1/35இல் 9.2 அங்குலம் என்பது 6.7 மி.மீ. ஸ்வெட்டர் பின்னும் பிளாஸ்டிக் ஊசியில் 6.5 மி.மீ. அளவு கிடைக்கும், நுனியும் குண்டு மாதிரியே கூம்பாக இருக்கும். கொஞ்சம் மழுக்கினால் போதும்.

#17 தகரடப்பா

அண்ணா, ஒரு ஊசிக்கு ஒரு நுனிதானே! 45 குண்டுக்கு 45 ஊசி வாங்கினால் கடைக்காரர் என்னைக் காஷ்மீருக்குப் போகிறவன் என்று நினைப்பார்.

#18 சேறும்சகதியும்

ஒரு ஊசி போதும் தம்பி. நுனியை இரண்டு செ.மீ. அளவில் வெட்டி, இடுப்புப் பட்டை, அடிவிளிம்பு எல்லாம் சேர்த்து ஒரு மாஸ்டர் (மூல மாதிரி) செய்யுங்கள். சிலிக்கான் அச்சில் ஐந்து ஐந்தாக ரெசின் வார்த்துக்கொள்ளுங்கள். மிச்ச ஊசியை வீட்டில் கொடுத்துவிடாதீர்கள், நுனி இல்லாத ஊசியைப் பார்த்தால் என்ன நடக்கும் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன்.

#19 பொடிரயில்

குண்டுக்கு என்ன நிறம்? கறுப்பு வெள்ளைப் படங்களில் எல்லாம் கறுப்பாகவே இருக்கிறது.

#20 மூன்றாம்பிளாட்பாரம்

அந்தப் படங்களை நம்பி வண்ணம் அடிக்காதீர்கள். அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகப் பதியும். நீலம் வெளிறிப்போகும். மஞ்சள்கூட அழுக்காக விழும். பிரிட்டிஷ் உயர்வெடி குண்டு மஞ்சள். மூக்குக்குக் கீழே ஒரு சிவப்பு வளையம், மருந்து நிரப்பியாகிவிட்டது என்பதற்கு. ஆமடால் என்ற வெடிமருந்து நிரப்பியதென்றால் பச்சை வளையமும் உண்டு. மஞ்சளைப் பளீரென்று அடிக்காமல் கொஞ்சம் காவி கலந்து அடியுங்கள்.

#21 சேறும்சகதியும்

இனி என் பேட்டைக்கு வருவோம். பாஷண்டேல் இருக்கும் ஃப்ளாண்டர்ஸ் பகுதியின் மண் களிமண், சாம்பல் கலந்த நிறம். தண்ணீர் இறங்காது, குழிகளில் அப்படியே நிற்கும். நம் ஊர்ச் செம்மண்ணை எடுத்து வைத்தால் பாஷண்டேல் பெருந்துறையாகிவிடும். நான் செய்வது: டைல் இடுக்கில் பூசும் கிரௌட் (சாம்பல் நிறம்) மூன்று பங்கு, ஃபெவிகால் தண்ணீர் கலந்து ஒரு பங்கு, சலித்த வண்டல் ஒரு பங்கு, கொஞ்சம் அம்பர் (பழுப்பு) வண்ணம். முழங்கால்வரை போகிற இடத்தில் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கிக் கலந்தால் மிதிபட்ட சேறு வரும்.

தண்டவாளத்தைச் சேற்றின் மேல் வைக்காதீர்கள், சேற்றுக்குள் வையுங்கள். அது ஐந்து மீட்டர்த் துண்டுகளாகத் தூக்கி வந்து பூட்டிய பாதை என்று நெடுங்குழல் அண்ணன் முன்பு வேறு இழையில் எழுதியிருந்தார். அப்படியானால் பூட்டும் இடத்தில்தான் முதலில் தாழும். உங்கள் அளவில் 14 செ.மீ.க்கு ஒரு பூட்டு. அந்த இடத்தில் மட்டும் ஒன்றரை மி.மீ. இறக்கி, கம்பியை மிக லேசாக வளையுங்கள். வண்டி ஒரு முடி சாயும். பார்க்கிறவனுக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் ‘கவிழ்ந்துவிடுமோ’ என்று தோன்றும்.

குழித் தண்ணீருக்கு எபாக்சி ஊற்றினால் மூன்று மி.மீ. மூன்று மி.மீ. ஆக ஊற்றுங்கள். போன சித்திரையில் அவசரப்பட்டு ஒரே தடவையில் ஒன்றரை செ.மீ. ஊற்றினேன். வெயிலில் அது சூடேறிப் புகைந்து, வெடிப்பு விட்டு, உள்ளே நின்ற சிப்பாயின் காலுறை மஞ்சளாகிவிட்டது. எட்டு மாத வேலை.

#22 மூன்றாம்பிளாட்பாரம்

இதோடு சேர்த்து: மழை நாளில் மேட் வார்னிஷ் அடிக்காதீர்கள். சென்னையில் ஐப்பசி கார்த்திகையில் அடித்தால் காற்றின் ஈரத்தில் வெள்ளைப் படலம் பூத்துவிடும். பாஷண்டேல் பனிமூட்டம் என்று சமாளிக்கலாம், ஆனால் பீரங்கிமேல் மட்டும் பனி பெய்யாது.

#23 பொடிரயில்

என் கட்சியிலிருந்து ஒரு கோரிக்கை. சிம்ப்ளெக்ஸுக்குள் ஒரு சின்ன மோட்டார் வைத்துவிடுங்கள். 16.5 மி.மீ.க்கு எச்.ஓ. இன்ஜின்களின் அடிச்சட்டம் தாராளமாகக் கிடைக்கும். குட்டையான இரண்டச்சு அடிச்சட்டம் ஒன்றைப் பிடித்து அதன் மேல் உடம்பை ஏற்றினால் போதும். முப்பது செ.மீ. முன்னும் பின்னும் போனால்கூடப் போதும். எனக்காக.

#24 தகரடப்பா

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நடந்தது இவ்வளவு.

பெட்டியில் மண் நிரப்பிவிட்டேன், மேலே மணல் மூட்டை இரண்டு வரிசை. தண்டவாளம் கோட் 70, சிலீப்பர்கள் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் மடித்து ஒட்டியவை, மொத்தம் 68. மூன்றாவது பூட்டில் பாதை தாழ்கிறது. வளைக்கும்போது ஒரு கம்பி உடைந்தது. அப்புறம் யோசித்து, உடைந்ததை உடைந்தபடியே விட்டு, பக்கத்தில் புதுத் துண்டைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் வருவதாக மாற்றிவிட்டேன்.

குண்டு 45க்கு 41 தேறியது. நான்கில் காற்றுக் குமிழ். அவற்றைச் சேற்றில் பாதி புதைத்துவிட்டேன், குமிழ் பக்கம் கீழே. கயிற்று வளையத்தை முதல் பதினைந்துக்கு நானே போட்டேன். மீதியை அம்மா போட்டார். ஊசி ஏன் மொட்டையாக இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

சிம்ப்ளெக்ஸ் ஓடுகிறது. 22 செ.மீ. போகும், வரும். டிரைவர் கழுத்தைத் திருப்பியபடிதான் இருக்கிறார், ஆனால் வண்டி ஒரு திசையில் போகும்போது மட்டும் அது பொருந்துகிறது. மறு திசைக்கு என்ன செய்வது?

#25 பொடிரயில்

கழுத்துக்குள் ஒரு காந்தம் வைத்து, தண்டவாளத்துக்கு அடியில் இரண்டு முனையிலும்… வேண்டாம், தனி இழை தொடங்குகிறேன்.

#26 நெடுங்குழல்

பித்தளைப் பலகை என்னாயிற்று?

#27 தகரடப்பா

பின்பக்கம் திருப்பி ‘1917’ என்று கையால் கீறிவிட்டேன் அண்ணா. முன்பக்கம் பலகைக்குள் ஒட்டியிருக்கிறது.